‘மோரியா’ என்றால் பைத்தியமா? கொரிந்தியர் நிருபத்தை வாசிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை வேதபாட வகுப்பில், பவுல் கொரிந்து சபைக்கு எழுதிய நிருபமான 1 கொரிந்தியரின் முதல் அதிகாரத்தை வாசித்துக்கொண்டிருந்தோம். ‘ஞானிகளை வெட்கப்படுத்தும்படி தேவன் உலகத்தில் பைத்தியமானவைகளைத் தெரிந்துகொண்டார்’ என்ற 27ஆம் வசனத்தை நான் வாசித்து முடித்ததும், பின்வரிசையில் இருந்த ஓர் அம்மா தயங்கித் தயங்கிக் கேட்டார்: “ஐயா, இதுல சொல்றது எம்மவன மாதிரி ஆளுகளையா?” அவருடைய மகன் பல ஆண்டுகளாக மனநோய்க்கு மருந்து எடுத்து வருபவர் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். அந்தக் கேள்வியில் ஆறுதல் தேடும் ஆவலும் இருந்தது. அந்தச் சொல்லால் பட்ட காயமும் இருந்தது. நான் அன்றைக்குத் தேவனுடைய அன்பைப் பற்றிப் பொதுவாக ஏதோ சொல்லி, அடுத்த வசனத்துக்குப் போய்விட்டேன். அவர் கேட்டது அன்பைப் பற்றி அல்ல, ஒரு சொல்லைப் பற்றி. அந்தச் சொல்லுக்குரிய பதிலைச் சொல்ல வேண்டிய கடமை எனக்கு இருந்தது.

பவுல் எழுதிய கிரேக்கச் சொல் ‘மோரியா’. அதற்கு மடமை, அறிவீனம் என்று பொருள். அந்தப் பண்பை உடையவரையோ பொருளையோ குறிக்கும் பெயரடை ‘மோரோஸ்’. மடமையாக்குதல், மடமையாய்ப்போதல் என்ற வினை ‘மொராயினோ’. 1 கொரிந்தியரின் முதல் நான்கு அதிகாரங்களில் மட்டும் இந்தச் சொற்குடும்பம் பத்து முறை வருகிறது. ‘மோரியா’ என்ற பெயர்ச்சொல் புதிய ஏற்பாடு முழுவதிலும் ஐந்தே முறைதான் வருகிறது. அந்த ஐந்தும் இந்த நான்கு அதிகாரங்களுக்குள்ளேயே உள்ளன (1:18, 1:21, 1:23, 2:14, 3:19). ஆகவே இச்சொல்லைத் தவறாகப் புரிந்துகொள்பவர், பவுலின் ஒரு முழு வாதத்தையே தவறாகப் புரிந்துகொள்கிறார்.

மடமையை மனநோயாக வாசிப்பது

தமிழ் வாசகர்களிடையே மிகப் பரவலாகக் காணப்படும் தவறு இதுவே. கேடு அதிகம் செய்வதும் இதுவே. 1871இல் வெளிவந்த பழைய திருப்புதல் என்ற தமிழ் வேதாகமம், இந்தப் பத்து இடங்களிலும் ‘பைத்தியம்’ என்ற சொல்லையே ஏதோ ஒரு வடிவில் பயன்படுத்துகிறது. மொழிபெயர்த்தவர்களைக் குறை சொல்வதற்கில்லை. ‘அடப் பைத்தியமே, இதைப் போய் நம்பினாயா?’ என்று நாம் இன்றும் பேசுகிறோம். அங்கே ‘பைத்தியம்’ என்பது நோயைச் சொல்லவில்லை, அசட்டுத்தனத்தைச் சொல்கிறது. ஆனால் ஆலயத்தில், பீடத்திலிருந்து, கனத்த குரலில் வாசிக்கப்படும்போது அந்தப் பேச்சு வழக்கின் இளக்கம் போய்விடுகிறது. கேட்பவர் காதில் மனநோய் மட்டுமே நிற்கிறது.

கிரேக்கத்தில் சித்தம் கலங்குதலுக்கு வேறு சொல் இருக்கிறது. அது ‘மானியா’, அதன் வினை ‘மாயினொமாய்’. அப்போஸ்தலர் 26:24இல் தேசாதிபதி பெஸ்து உரத்த சத்தமாய், அதிகக் கல்வி உனக்குப் பயித்தியமுண்டாக்குகிறது என்று பவுலைப் பார்த்துச் சொல்லும்போது அவன் பயன்படுத்துவது இந்தச் சொல். ‘நான் பயித்தியக்காரனல்ல’ என்று பவுல் உடனே மறுக்கிறார். அதே பவுல் 1 கொரிந்தியர் 4:10இல் ‘நாங்கள் கிறிஸ்துவினிமித்தம் பைத்தியக்காரர்’ என்கிறார். தமிழில் மட்டும் வாசிப்பவருக்கு இது நேரடி முரண்பாடாகத் தெரியும். கிரேக்கத்தில் முரண்பாடே இல்லை: பெஸ்துவிடம் அவர் மறுத்தது மானியாவை, கொரிந்தியரிடம் அவர் ஏற்றுக்கொண்டது ‘மோரோஸ்’ என்ற பட்டத்தை. இவ்விரு சொற்களையும் பவுல் ஒரே நிருபத்துக்குள் வேறு வேறாகவே கையாள்கிறார். எல்லாரும் ஒரே நேரத்தில் அந்நியபாஷைகளில் பேசினால், உள்ளே வரும் புதியவர்கள் ‘உங்களைப் பைத்தியம் பிடித்தவர்களென்பார்களல்லவா?’ என்று 14:23இல் கேட்கிறாரே, அங்கே இருப்பது மானியாவின் வினை. முதல் அதிகாரத்தில் இருப்பது மோரியா.

1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் ‘மடமை’ என்ற சொல்லைத் தேர்ந்துகொண்டது. ‘சிலுவை பற்றிய செய்தி அழிந்து போகிறவர்களுக்கு மடமையே’ என்று அது வாசிக்கிறது. இந்த இடத்தில் இதுவே பொருத்தமான சொல் என்பது என் உறுதியான கருத்து. பழைய திருப்புதலின் ஓசையில் வளர்ந்தவன் நான்; அதை விட்டுவிடச் சொல்லவில்லை. ஆனால் பக்கத்தில் மற்றதையும் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

எல்லா அறிவீனத்தையும் ஒரே சொல்லாக எண்ணுவது

புதிய ஏற்பாட்டில் அறிவீனத்தைக் குறிக்கும் சொற்கள் பல. ‘ஆஃப்ரோன்’ என்பவன் நிதானம் இல்லாதவன். களஞ்சியங்களை இடித்துப் பெரிதாகக் கட்டத் திட்டமிட்ட ஐசுவரியவானைத் தேவன் ‘மதிகேடனே’ என்று அழைப்பது இச்சொல்லால்தான் (லூக்கா 12:20). ‘தேவன் இல்லை’ என்று தன் இருதயத்தில் சொல்லிக்கொள்ளும் 14ஆம் சங்கீதத்து மதிகேடனும், பழைய ஏற்பாட்டின் கிரேக்க மொழிபெயர்ப்பில் ‘ஆஃப்ரோன்’தான். ‘அனோயேத்தோஸ்’ என்பவன் சிந்திக்கக்கூடியவனாக இருந்தும் சிந்திக்காதவன். ‘புத்தியில்லாத கலாத்தியரே’ என்று பவுல் கடிந்துகொள்வதும், எம்மாவு வழியில் உயிர்த்த இயேசு இரு சீடரைக் கடிந்துகொள்வதும் இந்தச் சொல்லால். ‘அசுனெத்தோஸ்’ என்பவன் விஷயங்களைச் சேர்த்துப் பார்த்து உணராதவன். இவற்றின் எல்லைகள் ஒன்றோடொன்று உரசுவது உண்மைதான். அகராதிக் கோடு போட்டு முழுவதுமாகப் பிரித்துவிட முடியாது. இருந்தாலும் கலாத்தியருக்குச் சொன்ன கண்டிப்பை எடுத்து, கொரிந்தியருக்குச் சொன்ன ‘மோரியா’வுக்கு விளக்கமாக வைப்பது தவறு.

தமிழில் இந்தக் குழப்பம் இருபுறமும் நடக்கிறது. ஒரே ‘மோரோஸ்’ பழைய திருப்புதலில் மத்தேயு 5:22இல் ‘மூடனே’ என்றும், 7:26இல் மணல்மேல் வீடு கட்டிய ‘புத்தியில்லாத மனுஷன்’ என்றும், 23:17இல் ‘மதிகேடரே’ என்றும், கொரிந்தியரில் ‘பைத்தியம்’ என்றும் வருகிறது. மறுபுறம், ‘பைத்தியம்’ என்ற ஒரே தமிழ்ச் சொல் மோரியாவுக்கும் மானியாவுக்கும் பொதுவாக நிற்கிறது. இதனால் ஒரு முக்கியமான இணைப்பு நம் கண்ணுக்குத் தெரியாமலே போகிறது. மத்தேயு 25இல் பத்துக் கன்னிகைகளில் ஐந்துபேர் ‘மோராய்’, ஐந்துபேர் ‘ஃப்ரோனிமோய்’, அதாவது முன்யோசனை உடையவர்கள். 1 கொரிந்தியர் 4:10இலும் அதே இணைதான்: நாங்கள் ‘மோரோய்’, நீங்கள் ‘ஃப்ரோனிமோய்’. அந்தக் கன்னிகைகளுக்கு மூளைக்கோளாறு இருந்ததாக எவரும் நினைப்பதில்லை. தீவட்டி எடுத்தார்கள், எண்ணெய் எடுக்கவில்லை, அவ்வளவுதான். ‘பேதைமை’ அதிகாரத்தின் முதல் குறள் சொல்கிறதே, கேடு தருவதைக் கைக்கொண்டு ஊதியம் தருவதைப் போகவிடுதல் என்று, மத்தேயுவின் ‘மோரோஸ்’ அதற்கு மிக நெருங்கியவன். நம் மொழியில் பேதைமை என்றும் மடமை என்றும் சொற்கள் இருக்கும்போது, பைத்தியத்தையே பிடித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

‘மூடனே’ என்ற சொல்லையே சாபமாக்குவது

தன் சகோதரனை ‘மூடனே’ என்று சொல்லுகிறவன் எரிநரகத்திற்கு ஏதுவாயிருப்பான் என்று இயேசு மலைப்பிரசங்கத்தில் சொன்னதால், அந்த எழுத்துக்களுக்கே ஏதோ நச்சு இருப்பதுபோல் சிலர் அஞ்சுகிறார்கள். அப்படியானால் ‘மதிகேடரே, குருடரே’ என்று மத்தேயு 23:17இல் பரிசேயரை இயேசுவே அழைப்பதை என்ன செய்வது? அங்கேயும் கிரேக்கச் சொல் ‘மோரோய்’தான். சிலர் இதைத் தீர்க்க, பவுல் கலாத்தியரிடம் பயன்படுத்தியது வேறு சொல், ஆகவே அவர் தப்பித்தார் என்கிறார்கள். சொல் வேறு என்பது சரி. ஆனால் அந்த வழி இயேசுவின் சொந்த வார்த்தைக்கு உதவாது. மத்தேயு 5இன் பேச்சு கோபத்தோடு தொடங்குகிறது, பகையோடு தொடர்கிறது, பலிபீடத்தண்டையில் காணிக்கையை வைத்துவிட்டுச் சகோதரனிடம் ஒப்புரவாகப் போவதில் முடிகிறது. அங்கே தீர்ப்புக்கு வருவது சகோதரனைத் துச்சமாகத் தள்ளிவிடும் நெஞ்சு. அதோடு, உபாகமம் 32:6இல் கர்த்தருக்கு நன்றி மறந்த ‘மதிகெட்ட ஜனங்களை’க் கிரேக்க மொழிபெயர்ப்பு ‘மோரோஸ்’ என்றே அழைக்கிறது. அங்குள்ள எபிரெயச் சொல் ‘நாபால்’. அந்தப் பின்னணியில் ஒருவரை ‘மோரோஸ்’ என்றால், நீ தேவனுக்கும் ஆகாதவன் என்று தீர்த்துவிடுவதாகும்.

‘தோன்றுகிற’ என்ற சொல்லில் தஞ்சம் புகுவது

1 கொரிந்தியர் 1:21இல் ‘பைத்தியமாகத் தோன்றுகிற பிரசங்கத்தினாலே’ என்றும், 1:25இல் ‘தேவனுடைய பைத்தியம் என்னப்படுவது’ என்றும் பழைய திருப்புதல் வாசிக்கிறது. ‘தோன்றுகிற’, ‘என்னப்படுவது’ என்ற இரண்டும் பக்தியினால் சேர்க்கப்பட்ட மெத்தைகள். மூலத்தில் அவை இல்லை. பவுல் எழுதியது வெறுமையாக, ‘செய்தியின் மடமையினாலே’ என்றும், ‘தேவனுடைய மடமையானது மனிதரைவிட ஞானமுள்ளது’ என்றும்தான். யாருடைய பார்வையில் மடமை என்பதை 1:18இல் அவரே சொல்லிவிட்டார்: கெட்டுப்போகிறவர்களுக்கு. ஒருமுறை சொன்ன பிறகு ஒவ்வொரு வரியிலும் அவர் தயங்கவில்லை. எதிராளி வீசிய சொல்லையே எடுத்து, தன் கொடியாக ஏற்றிக்கொள்கிறார். மெத்தை போட்டு வாசித்தால் அந்தத் துணிவு நமக்குத் தெரியாது.

1:25இல் இன்னொரு நுட்பம் உண்டு. அங்கே இருப்பது ‘மோரியா’ என்ற பண்புப்பெயர் அல்ல. ‘தொ மோரோன்’ என்ற அஃறிணை வடிவம். மடமையானது, மடமையான அந்த ஒன்று என்று அதைச் சொல்லலாம். தேவனுடைய குணத்தில் ஒரு பங்கு மடமை கலந்திருக்கிறது என்று அந்த வசனத்திலிருந்து தத்துவம் கட்டுபவர்கள் இதைக் கவனிப்பதில்லை. பவுல் தேவனுடைய இயல்பைப் பகுத்துக் காட்டவில்லை. தேவன் செய்த ஒரு செயலைச் சுட்டிக்காட்டுகிறார். அந்தச் செயல் சிலுவை.

அது எப்படிப்பட்ட மடமையாகத் தெரிந்தது என்பதற்கு ரோம் நகரில் ஒரு சாட்சி இருக்கிறது. பலத்தீன் குன்றிலிருந்த ஒரு கட்டடத்தின் சுவரில், சுண்ணாம்புப் பூச்சைக் கீறி வரைந்த ஒரு கிறுக்கல் 1857இல் கண்டெடுக்கப்பட்டது. ஏறத்தாழ கி.பி. 200ஐ ஒட்டியது என்று பலரும் கருதுகிறார்கள். சிலுவையில் ஓர் உருவம்; உடல் மனிதனுடையது, தலை கழுதையுடையது. கீழே இடப்பக்கம் ஒருவன் கையை உயர்த்தி நிற்கிறான். கோணல் எழுத்துக்களில், எழுத்துப்பிழையோடு, ‘அலெக்சாமெனோஸ் தன் தேவனை வணங்குகிறான்’ என்ற பொருளில் கிரேக்க வரி. தன்னோடு இருந்த ஒரு கிறிஸ்தவனைக் கேலி செய்ய யாரோ ஓர் ஆணியால் கீறியது. அடிமைகளுக்கும் கலகக்காரருக்கும் உரிய சாவைச் செத்த ஒருவரைத் தேவன் என்கிறாயே என்ற நகைப்புத்தான் ‘மோரியா’. நோயாளியைப் பார்த்து இப்படிச் சிரிப்பதில்லை; மதிப்பில்லாததை மதிக்கிறவனைப் பார்த்துச் சிரிப்பது இது. 1:23இல் பழைய திருப்புதல் ‘கிரேக்கருக்குப் பைத்தியமாயும்’ என்கிறது. பழமையான கையெழுத்துப் பிரதிகளில் ‘புறஜாதியாருக்கு’ என்று இருக்கிறது. நகைத்தவர்கள் கிரேக்கத் தத்துவ ஞானிகள் மட்டும் அல்லர்.

கொரிந்து நகரத்தையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும். கி.மு. 146இல் ரோமர் அழித்த நகரம் அது, கி.மு. 44இல் ஜூலியஸ் சீசர் அதை ரோமக் குடியேற்றமாக மறுபடி நிறுவினார். குடியேறியவர்களில் பலர் விடுதலை பெற்ற அடிமைகள். பரம்பரைப் பெருமை இல்லாத இடத்தில் பேச்சுவன்மையும் பணமும் புரவலர் தொடர்புமே ஒருவரை உயர்த்தின. ‘உலகத்தில் பைத்தியமானவைகள்’ என்று 27ஆம் வசனம் சொல்வது, அதற்கு முந்தின வசனத்தில் உள்ளவர்களை: மாம்சத்தின்படி ஞானிகளல்லாதவர், வல்லவர்களல்லாதவர், பிரபுக்களல்லாதவர். அந்த நகரத்தின் அளவுகோலில் ஒரு பொருட்டாக எண்ணப்படாத சபையார் அவர்கள்.

படிப்புக்கு எதிரான ஆயுதமாக்குவது

இந்தத் தவறு எனக்குக் கோபமூட்டுகிறது, மறைக்கவில்லை. ‘உலக ஞானம் தேவனுக்கு முன்பாகப் பைத்தியம்’ என்ற 3:19ஐக் காட்டி, மேற்படிப்புக்குப் போக விரும்பிய ஒரு பெண்ணை நிறுத்தியதை நான் அறிவேன். ஆயத்தம் இல்லாமல் பிரசங்கிக்க வருவதற்கும் 1:21ஐச் சாக்காகச் சொல்வார்கள். 1:21இல் ‘பிரசங்கம்’ என்று தமிழில் வரும் சொல் ‘கெருக்மா’. அது முதன்மையாக அறிவிக்கப்படும் செய்தியைக் குறிக்கிறது, அறிவிக்கும் பாணியை அல்ல. மடமை எனப்பட்டது சிலுவையின் செய்தி. பிரசங்கியாரின் சோம்பல் அல்ல. பவுல் இதே பகுதியில் ஏசாயா 29:14ஐயும் யோபு 5:13ஐயும் மேற்கோள் காட்டி, எதிர்ச்சொற்களை அடுக்கி, மிகத் தேர்ந்த வாதம் கட்டுகிறார். 14:20இல் ‘புத்தியிலோ தேறினவர்களாயுமிருங்கள்’ என்று வேண்டுகிறார். 3:19இன் சூழல் சபையாரின் கட்சிப்பூசல்: நான் பவுலைச் சேர்ந்தவன், நான் அப்பொல்லோவைச் சேர்ந்தவன் என்று தலைவர்களை வைத்துப் பெருமை பேசியது. அந்தப் பெருமைதான் அங்கே குற்றவாளிக் கூண்டில் நிற்கிறது, பள்ளிக்கூடம் அல்ல.

4:10ஐ வைத்து விசித்திரமாக நடந்துகொள்வதைப் பக்தி என்று காட்டுவதும் இதன் மறுபக்கம். ‘நீங்கள் கிறிஸ்துவில் புத்திசாலிகள்’ என்பது பாராட்டு அல்ல, குத்தல். அதற்கு முந்தின வசனத்தில் பவுல், உலகத்துக்கு நாங்கள் வேடிக்கையானோம் என்கிறார். அந்தக் கிரேக்கச் சொல் ‘தெயாத்ரோன்’, அதாவது அரங்கக் காட்சி. அக்காலத்து மேடைகளில் அடிவாங்கி, ஏச்சு வாங்கி, கூட்டத்தைச் சிரிக்க வைக்கும் கோமாளிக்கும் ‘மோரோஸ்’ என்று பெயர் உண்டு. அடுத்து வருவதும் பசி, தாகம், நிர்வாணம், குட்டுண்ணுதல். வேண்டுமென்று போட்ட வேஷத்தை அல்ல, ஊர் தனக்குக் கொடுத்த வேஷத்தைப் பவுல் சொல்கிறார்.

ஓசையையும் வேரையும் நம்புவது

ஆங்கிலத்தில் ‘மோரான்’ என்ற வசைச்சொல் இந்தக் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. ஆகவே பவுல் ‘மோரான்’ என்றுதான் எழுதினார் என்று பிரசங்கங்களில் கேட்கலாம். திசை தலைகீழ். ஹென்றி கோடார்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1910இல் அறிவுத்திறன் குறைவை வகைப்படுத்தக் கிரேக்கத்திலிருந்து எடுத்து உருவாக்கிய சொல் அது. இருபதாம் நூற்றாண்டின் மருத்துவ முத்திரையை முதலாம் நூற்றாண்டு நிருபத்தின்மேல் குத்தக் கூடாது. ‘மோரோஸ்’, ‘மூடன்’ என்ற ஓசை ஒற்றுமையும் நம்மவரை இழுக்கும். பழைய வடமொழிச் சொல்லொன்றோடு இதை ஒப்பிட்ட மொழியியலாளர்கள் உண்டு என்றாலும் உயிரெழுத்துக்கள் முறையாகப் பொருந்துவதில்லை. இன்னும் ஒன்று: ஆபிரகாம் ஈசாக்கைக் கொண்டுபோன ‘மோரியா’ தேசம் தமிழ் எழுத்தில் இதைப்போலவே இருக்கிறது. அது எபிரெயப் பெயர். ஆதியாகமம் 22:2ஐக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் அந்தப் பெயரை ஒலிபெயர்க்கக்கூட இல்லை, ‘உயர்ந்த தேசம்’ என்றே எழுதினார்கள். இரண்டையும் இணைத்துச் செய்தி கட்டினால் அது காற்றில் கட்டிய வீடு.

வேர்ப்பொருளை எங்கும் திணிப்பதும் ஆகாது. மழுக்கம், மந்தம் என்ற கருத்து இச்சொல்லில் உண்டு. அதனால்தான் கூர்மையும் மழுக்கமும் சேர்ந்த முரண்தொடருக்கு ‘ஆக்சிமோரான்’ என்று பெயர் வந்தது. ஆனால் சொல் வாழ்வது வழக்கில். மத்தேயு 5:13இல் ‘உப்பானது சாரமற்றுப்போனால்’ என்ற இடத்தில் இருப்பது ‘மொராயினோ’ வினை என்று கேட்டால் பலரும் வியப்பார்கள். உப்பு மடமையாவது எப்படி? சுவையற்ற உணவையும் கிரேக்கர் ‘மோரோஸ்’ என்று சொன்னது உண்டு. எபிரெயத்தில் யோபு 6:6இல் ‘ருசியில்லாத பதார்த்தம்’ என்று வரும் ‘தாபேல்’ என்ற சொல்லுக்கும் இதே இரட்டை முகம். புலம்பல் 2:14இல் அதுவே தீர்க்கதரிசிகளின் சாரமற்ற தரிசனங்களைக் குறிக்கிறது. மத்தேயு 5:13இல் ‘சாரமற்று’ என்ற பழைய திருப்புதலின் தேர்வு மிக அழகானது.

இதையெல்லாம் எழுதி எடுத்துக்கொண்டு மறுபடி அந்த வகுப்புக்குப் போனேன். முதலில் அந்த அம்மாவிடம், அந்த வசனத்தில் உள்ள சொல் உங்கள் மகனுடைய நோயைச் சொல்லவில்லை, அதற்குக் கிரேக்கத்தில் வேறு சொல் இருக்கிறது என்று சொன்னேன். திருவிவிலியத்தின் வாசிப்பையும் காட்டினேன். அவர் அதிகம் பேசவில்லை. அடுத்த வாரம் தம் வேதாகமத்தை என்னிடம் நீட்டினார். முதல் அதிகாரத்தின் ஓரத்தில், ஒவ்வொரு ‘பைத்தியம்’ பக்கத்திலும், பென்சிலால் ‘மடமை’ என்று சின்னதாக எழுதியிருந்தார். மூன்றாம், நான்காம் அதிகாரங்களிலும் அப்படியே. பிறகு 14ஆம் அதிகாரத்தைத் திருப்பி, 23ஆம் வசனத்தின்மேல் விரலை வைத்துக் கேட்டார்: “இங்க மட்டும் எழுத வேணாம், இல்லையா ஐயா?”